மீன்முள் கரை

முதலில் கேட்டது அச்சு முனகுகிற சத்தம்தான். வண்டி எங்கேயோ கீழே, மதில் வாசலை ஒட்டிய வளைவில் இருக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வாசலுக்கு வெளியே வெயிலில் வெளுத்துப்போன எதிர்ச்சுவரும் அதன்மேல் யாரோ காயப்போட்ட துணியும் மட்டும். ஆனால் சத்தம் வந்துவிட்டது. விளக்குக்கே எண்ணெய் இல்லாத ஊரில் வண்டி அச்சுக்கு யார் எண்ணெய் விடுவார்கள், ஒரு முனகல், கல்லில் ஏறி இறங்கும் ஒரு தடக், மறுபடி முனகல். எங்கள் சந்தில் அரைக்கிற கற்கள் ஒவ்வொன்றாக நின்றன. கீழ்வீட்டுக் கல் முதலில், அப்புறம் எதிர்வீடு, அப்புறம் கோடிவீடு, மழை விடுகிற மாதிரி சொட்டுச் சொட்டாகக் குறைந்து பிறகு ஒன்றுமில்லை. ட்ராய் நகரத்தில் இது வழக்கமாகிவிட்டது. பிண வண்டிச் சத்தம் கேட்டால் கல்லை நிறுத்த வேண்டும், கூவுகிறவன் குரல் எல்லா வீட்டுக்கும் கேட்க வேண்டும். நெயாரா மட்டும் நிறுத்தவில்லை. நெயாரா என் ஓர்ப்படி, என் கொழுந்தன் லீசோனின் பெண்டாட்டி, மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் வீட்டிலிருந்து வந்தவள். மண்டியிட்டு உட்கார்ந்து மேல்கல்லை இரண்டு கையாலும் பிடித்து முன்னே தள்ளிப் பின்னே இழுத்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்லியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். "நிறுத்துடி," என்றேன். "இந்தப் பிடி முடியட்டும் அக்கா, பாதியில விட்டா கல்லுல அப்பிக்கும்," என்றாள். முடித்தாள். கையை உதறினாள். மாவு பறந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றது, கீழே விழ மனசில்லாததுபோல.

எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். இன்றைக்கு என் புருஷன் அக்மோன் உடம்பில் இருப்பது அவள் நெய்த அங்கி. அவள் புருஷன் உடம்பில் இருப்பது நான் நெய்தது. மாற்றிக் கொடுத்தவள் நான். தெரியாமல் இல்லை, தெரிந்தே. வெளியூர்க்காரி யாராவது இதைக் கேட்டால் சிரிப்பாள், துணிதானே, அண்ணன் தம்பிதானே, இதற்கா இப்படி வேர்க்கிறது உனக்கு என்பாள். அவளுக்கு எங்கள் துணிக் கரைகளைப் பற்றித் தெரியாது. முகத்தை நம்பக்கூடாது என்று இந்த ஊர்ப் பெண்கள் போரின் முதல் கோடையிலேயே தெரிந்துகொண்டார்கள். குதிரை மிதித்த முகம், ஈட்டி புகுந்த முகம், வெயிலில் கிடந்து ஊதிப்போன முகம், அதை வைத்துக்கொண்டு எவள் சொல்வாள் இது என் ஆள் என்று. ஒருத்தி வேறொருத்தியின் புருஷனைக் கழுவி எண்ணெய் பூசி அழுது எரித்துவிட்டாள், அவளுடையவன் மறுநாள் நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அதற்கப்புறம்தான் கரை வந்தது. கல்யாணமாகி வந்தவள் புருஷன் வீட்டுத் தறியில் முதல் முதலாக நெய்கிற துணியில் எந்தக் கரை போடுகிறாளோ அதுதான் அவளுக்குச் சாகும்வரை. அடுத்தவள் அதைப் போடக்கூடாது, அவளும் மாற்றக்கூடாது. நான் வலை வீசுகிறவன் வீட்டுக்கு வந்தவள், மீன்முள் போட்டேன். நடுவில் ஒரு கோடு, இருபக்கமும் சாய்ந்து சாய்ந்து சின்ன முட்கள், சிவப்பு நூலில். நெயாரா ஆட்டுக்கொம்பு போட்டாள், கறுப்பில், சுருண்டு சுருண்டு. பிணத்தைத் தூக்கிப் போட்டதும் கூவுகிறவன் அங்கியின் கரையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறான், சந்து சந்தாக வந்து அதைக் கூவுகிறான். பேர் சொல்வதில்லை. பேர் அவனுக்கு எப்படித் தெரியும். ட்ரிப்போன் என்று ஒருத்தன், முன்னே கரையோரச் சந்தையில் மீன் ஏலம் போட்டவன். அதே தொண்டை. அக்மோன் கொண்டுவந்த சூரை மீனை அந்தத் தொண்டைதான் விலை கூவி விற்றது, நான் கூடையோடு பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கூவேன் என்று மனசுக்குள் கெஞ்சியிருக்கிறேன். இப்போதும் ஏற்றி இறக்கித்தான் கூவுகிறான், வேறு மாதிரி கூவ அவனுக்கு வராது.

நேற்று சாயங்காலம் அக்மோனின் அங்கியைத் துவைத்தேன். கிணற்றடியில், பாதி வாளித் தண்ணீரில். முன்னேயெல்லாம் மதிலுக்கு வெளியே ஊற்றுக்குப் போவோம், கல்தொட்டியில் துணியைப் போட்டு மிதித்துக்கொண்டே பேசுவோம், அங்கே இப்போது எதிரிகள் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். கசக்கும்போது கரையிலிருந்து ஒரு சிவப்பு நூல் விரலில் மாட்டியது. இழுக்கக்கூடாது என்று தெரியும். ஆனால் விரல் ஈரத்தில் வழுக்கி இழுத்துவிட்டது, வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு முழம் நூல் என் கையில், கரையில் முட்கள் இருந்த இடத்தில் நடுக்கோடு மட்டும். எல்லோருக்கும் தெரியும், மனுஷனுடைய ஆயுளை நூலாக நூற்கிற மூன்று கிழவிகள் இருக்கிறார்கள், ஒருத்தி நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி அறுக்கிறாள். அவ்வளவு தூரத்திலிருந்து, இத்தனை ஆயிரம் பேர் ஒரே புழுதியில் ஒரே தோல் கவசத்தில் ஓடும்போது, இவன்தான் என்று அறுக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? கோடிவீட்டு ஹலியாதான் முதலில் சொன்னாள். "அவளுகளும் நூல்காரிகதானேடி. மூஞ்சியையா பாப்பாளுக, நெசவைத்தான் பாப்பாளுக." இதைச் சொன்ன ஹலியா நெய்கிற திராட்சைக்கொடி மாதிரி ஒரு கரை இந்தச் சந்திலேயே கிடையாது, அரண்மனைக்காரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவள் புருஷனை அறுவடை ஆரம்பத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அவள் இப்போது கரையே இல்லாத துணி நெய்கிறாள், விற்க. அந்தப் பேச்சு என் மண்டையில் ஒட்டிக்கொண்டது. நூலைத் திருப்பிக் கோத்தேன், ஊசியால், அடுப்பு வெளிச்சத்தில். கோணலாக வந்தது. அறுந்து வந்தது அறுந்து வந்ததுதான், கோத்துவிட்டால் அவளுக்குத் தெரியாமலா போகும், அறுக்கிறவளுக்கு. விடியுமுன் ஆண்கள் எழுந்தார்கள். இரண்டு அங்கியும் அடுப்புக்கு மேலே கொடியில், பக்கத்தில் பக்கத்தில். இருட்டு. நான்தான் எடுத்துக் கொடுக்கிறவள், மூத்தவள் கை. இரண்டு பேரும் ஒரே வாகு, ஒரே தோள், இடுப்புக் கயிறு ஒரே முடிச்சில் நிற்கும். என் கை கொடியில் இருந்தது. மீன்முள் விரலில் தட்டியது, அந்தக் கோணல் தட்டியது. லீசோன் கொட்டாவி விட்டுக்கொண்டே கையை நீட்டினான். கொடுத்துவிட்டேன். யோசித்தேனா என்றால் யோசித்தேன். இல்லை, யோசிக்கவில்லை, யோசித்து முடித்ததைக் கை செய்தது. மேலே தோல் கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். கரை மறைந்துவிட்டது. அவர்கள் வாசலைத் தாண்டியபிறகுதான் ஓடிப்போய் நில்லுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். படைக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் பாதிப் பாதையில் நிற்பான், திரும்பிப் பார்க்கிற நேரத்தில்தான் அம்பு வரும் என்பார்கள். எந்தப் பெண்டாட்டியும் கூப்பிட மாட்டாள். நானும் கூப்பிடவில்லை. இரண்டு முதுகும் சந்து வளைவில் மறைந்தன, எது எவனுடையது என்று அந்த மங்கலில் எனக்கே தெரியவில்லை.

முனகல், தடக். வளைவைத் தாண்டிவிட்டான். "கொஞ்சம் தண்ணி குடிக்கா, உதடு காஞ்சு கெடக்கு," என்றாள் நெயாரா. வேண்டாம் என்றேன். அவளுக்குப் பயம் வந்தால் பேசுவாள், அது அவள் சுபாவம், எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். "இந்த வண்டியை இழுக்கிற கழுதையைப் பாத்திருக்கியாக்கா. எதிரிக கூடாரத்துல இருக்கிற குதிரையை விட அது கொழுத்துக் கெடக்கு. ஊர்ல வேலை கொறையாம இருக்கிறது அதுக்கு ஒண்ணுக்குத்தான்." நான் சிரிக்கவில்லை. அவளே கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "அந்த ராணியம்மாவை நேத்து மதில்மேல பாத்தேன்," என்றாள். கடல் தாண்டிக் கூட்டிவரப்பட்டவளைச் சொல்கிறாள். யாருக்காக இந்தப் போரோ அவளை. "வெயில்ல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டிருக்கா. ரெண்டு பக்கமும் புருஷன், எவன் செத்தாலும் அவளுக்கு ஒருத்தன் மிச்சம். அவ ஒரு புருஷனை விட்டுட்டு வந்தா, அதுக்கு ஊர்ல இருக்கிறவ எல்லாம் ஆளுக்கொரு புருஷனை விட்டுக்கிட்டிருக்கோம்." மெதுவாப் பேசுடி என்றேன். "என்ன செய்வாங்க, என்னையப் புடிச்சுக் கிரேக்கன்கிட்ட குடுத்துடுவாங்களா? அவரு சொல்றாரு, என்னையத் தூக்கிட்டுப் போறவன் ஒரே ராத்திரியில கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போயிடுவானாம், என் குறட்டையில கப்பல் கவுந்துடுமாம்." அவரு என்றால் லீசோன். இந்தச் சிரிப்பும் அவன் கொடுத்ததுதான். நெயாராவுக்குப் போருக்கு முன்னே ஒரு கல்யாணம் எப்படி நடக்கும் என்று தெரியாது. அவளைக் கொண்டுவந்தபோது முற்றுகை நடந்துகொண்டிருந்தது, மலைப்பக்கத்து வாசல் வழியாக, பொதிக் கழுதைகளோடு. ஊரெல்லாம் பந்தம் பிடித்து மணப்பெண்ணைக் கூட்டி வருவார்களே, அது இல்லை, ஒரே ஒரு பந்தம், அதையும் தெருமுனையில் அணைக்கச் சொல்லிவிட்டார்கள். இருட்டில் தடுமாறி வந்து என் கையைப் பிடித்தாள், நான் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு. லீசோன் அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினான், "எங்க அண்ணியைத்தான் இவ கட்டிக்கிட்டா, நான் சும்மா கூட வந்தவன்" என்று. மீன்பிடிக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டும் அவள் இதுவரை கடலில் காலை நனைத்ததில்லை. மதில்மேலிருந்து பார்த்திருக்கிறாள், கறுப்புக் கப்பல்களுக்குப் பின்னால் அது மினுங்குவதை. "இது அடங்கட்டும், இவளைக் கொண்டுபோய்க் கழுத்தளவுத் தண்ணியில நிறுத்தறேன்," என்பான் அவன். கல்யாணத்துக்குக் காவல் ஹீரா தேவி என்பார்கள். அந்தத் தேவி எதிரிகளின் பக்கம் நிற்கிறாளாம், பூசாரிகளே அதையும் சொல்கிறார்கள். அப்படியானால் இந்த மதிலுக்குள் இருக்கிற கல்யாணங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை என்பதால்தான் நான் பார்த்துக்கொண்டேன், என்னுடையதை மட்டும். இப்படிச் சொன்னால் நியாயம் மாதிரி இருக்கிறது. எனக்கு ஜுரம் வந்து கிடந்தபோது வைத்தியன் வீட்டுக்கு என்னை முதுகில் சுமந்து போனது லீசோன். வழியெல்லாம் கனக்கிறது கனக்கிறது என்று கேலி பண்ணிக்கொண்டே போனான், மேட்டில் ஏறும்போது மட்டும் பேச்சை நிறுத்தினான்.

"அலைக்கரை," என்று கூவினான் ட்ரிப்போன். கீழ்ச் சந்தில். ஒரு கதவு திறந்தது, ஒருத்தி மட்டும் ஓவென்று ஆரம்பித்தாள், பிறகு பலபேர். நெயாரா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டிய விரல்கள். எனக்கு ஒன்று தோன்றியது, பல நாழிகையாகத் தோன்றிக்கொண்டிருந்ததுதான், இப்போது முகம் காட்டியது. ஆட்டுக்கொம்பு என்று அவன் கூவினால் இந்தச் சந்தே நெயாராவின்மேல் விழுந்து அழும், நானும் அழ வேண்டும், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, செத்தது என்னுடையவன் என்று தெரிந்துகொண்டே. மீன்முள் என்று கூவினால் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், என் அக்மோன் எங்கேயோ வெயிலில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். ஊரில் ஒவ்வொருத்தியும் தன் கரை வரக்கூடாது, வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது எனக்குள்ளே எது ஓடிக்கொண்டிருந்தது என்றால், வரட்டும் என்று ஓடியது. மீன்முள், மீன்முள், என் கரையைக் கூவு. ஒன்றுமே வராமல் போகட்டும் என்றுதானே வேண்ட வேண்டும், அப்படி வேண்டித்தான் ஆரம்பித்தேன், ரெண்டு பேரும் வரட்டும், ரெண்டு பேரும் புழுதியோடு வந்து நிற்கட்டும் என்று, ஆனால் அந்த வேண்டுதல் போகப்போகச் சறுக்கி இதற்குள் விழுந்தது, நான் பிடித்து மேலே ஏற்றுவேன், மறுபடி சறுக்கும். இன்னொரு பயமும் கூடவே. மதில் வாசலில் வெளிச்சம் வந்தபிறகு அவர்கள் பார்த்திருந்தால்? தோலை இறுக்கிக் கட்டும்போது லீசோன் குனிந்து பார்த்து, அடடா, அண்ணி என்னை அண்ணனாக்கிட்டாங்க என்று சிரித்து, அங்கேயே கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால்? செய்யக்கூடியவன்தான். அப்படியென்றால் மீன்முள் மீன்முளாகவே இருக்கும், என் வேண்டுதல் என் தலையில் விழும். மாற்றியிருப்பார்களா. மாற்றியிருக்க மாட்டார்கள், வாசலில் அதற்கு ஏது நேரம், நெருக்கித் தள்ளுவார்கள். மாற்றியிருக்கலாம். வண்டி எங்கள் சந்துக்குள் திரும்பியது. கழுதையின் குளம்பு, முனகல், தடக், கூடவே ஒரு ஈரமான சத்தம், அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. கழுதையின் காது வாசலில் தெரிந்தது, பிறகு ட்ரிப்போனின் தோள். நின்றான். ஏலத்தில் கடைசி விலைக்கு முன்னே ஒரு மூச்சு எடுப்பானே, அந்த மூச்சு.

"மீன்முள். மீன்முள் கரை." சந்தோஷம். அதுதான் முதலில் வந்தது, வேறு எது வந்தது என்று நான் பொய் சொன்னாலும் என் உடம்பு அறியும், கை கால் எல்லாம் சூடாகி, தொண்டைக்குள் ஒரு இனிப்பு, பசித்தவள் வாயில் தேன் வைத்த மாதிரி. இருக்கிறான். அக்மோன் இருக்கிறான். அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். அதற்குள் நெயாரா எழுந்து என்னை இழுத்து நிறுத்திக் கட்டிக்கொண்டுவிட்டாள். "அக்கா, அக்கா, என் தங்கமே," என்றாள், என் தலையை எடுத்துத் தன் தோளில் அழுத்தினாள், மாவும் வேர்வையும் கலந்த அவள் வாசனை. "அழுதுடு. அழாம நிக்காதே. பெரியவரு போயிட்டாருக்கா." அவள் முதுகு வாசலைப் பார்த்திருந்தது. என் முகம் அவள் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்திருந்தது. எதிர்வீட்டுக்காரி, "மிர்த்தோ, ஐயோ மிர்த்தோ" என்று என் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். வண்டியில் பாயைப் போட்டு மூடியிருந்தார்கள், பாய் போதவில்லை, கால்கள் வெளியே இருந்தன. செருப்புகளைக் கழற்றியிருந்தார்கள், உயிரோடிருக்கிறவனுக்கு ஆகும் என்று. எங்கள் வாசலுக்கு நேரே ஒரு ஜோடிக் கால், பாய் விலகிய இடத்தில் சிவப்புக் கரையின் ஓரம், அதில் நான் கோத்த கோணல். அக்மோனின் காலில் கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளம். வலைக்குண்டு விழுந்து சுண்டுவிரலில் நகம் கிடையாது. எத்தனை குளிர்காலம் அந்தக் கால்களை என் காலுக்கிடையில் வைத்துச் சூடு பண்ணியிருக்கிறேன். இந்தக் கால் அகலம், விரல்கள் எல்லாம் ஒரே வரிசையாக நெருங்கி, சின்னப் பையன் காலைப் பெரிசாக்கின மாதிரி. சுண்டுவிரலில் நகம் இருந்தது. முழு நகம், புழுதி படிந்து. மதில் வாசலில் அவர்கள் சிரித்து மாற்றிக்கொள்ளவில்லை. நான் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு போனான், அப்படியே வந்திருக்கிறான். என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள் நெயாரா, வட்டமாக, அழுகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. அவள் திரும்பினால் போதும். அந்தக் காலை அவளுக்கு என்னைவிடத் தெரியும். அவள் திரும்பக்கூடாது என்று நான் அவளை இறுக்கிப் பிடித்தேன், அவள் அதைத் துக்கம் என்று நினைத்து இன்னும் இறுக்கினாள், அப்படியே இரண்டு பேரும் நின்றோம். அப்போது எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. எதற்கு வந்தது என்று பிரிக்கத் தெரியவில்லை. வண்டி நகர்ந்தது.

பிணத்தை உடனே போய்ப் பார்க்க முடியாது. வண்டி எல்லாச் சந்தும் சுற்றி மதில் வாசல் முற்றத்தில் இறக்கியபிறகு கொம்பு ஊதுவார்கள், அப்போதுதான் அவரவர் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். நெயாரா என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். என் கூந்தலை அவிழ்த்துவிட்டாள், அடுப்பிலிருந்து ஒரு பிடிச் சாம்பல் எடுத்து நெற்றியில் பூசினாள், சூடு இருக்கிறதா என்று தன் கையில் தொட்டுப் பார்த்தபிறகு. பக்கத்து வீடுகளில் கற்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. தங்கள் கரை வராதவர்கள் வீட்டில் ஒரு வேகம் இருக்கும், கேட்டால் தெரியும். "அவரு வந்துடுவாருக்கா," என்றாள். "வந்து எல்லாத்தையும் பாத்துப்பாரு. அண்ணன்னா அவருக்கு உசுரு. எப்படித் தாங்கப் போறாரோ, நான் எப்படிச் சொல்லப் போறேனோ." மூக்கைத் துடைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தாள். "மாவு வேணும். சிதையில தூவறதுக்கு வேணும், வர்றவங்களுக்கு வேணும். அவரும் பசியோட வருவாரு, வயித்துல ஒண்ணுமில்லாம அண்ணனை எப்படித் தூக்குவாரு." மண்டியிட்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் நான் கூடைப் பக்கம் நகர்ந்தேன், அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீ தொடக்கூடாதுக்கா. சிதை ஆறுற வரைக்கும் தானியத்துல கை வைக்கக்கூடாது, உனக்குத் தெரியாததா. நான் பாத்துக்கிறேன்." புருஷன் செத்தவள் தொட்ட தானியத்தில் வீட்டில் இருக்கிற மற்ற ஆணுக்கு ஆகாது, அது அவள் சொல்லாமல் விட்டது. ஒரு கையால் பார்லியை அள்ளிப் போட்டு, இரண்டு கையால் தள்ளி, நிறுத்தி, மறுபடி அள்ளி, தட்டுத் தடுமாறி அரைத்தாள். பாதி மணி சிதறியது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இப்படியே, கொம்பு ஊதும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பாயை விலக்குவாள், பார்ப்பாள், நானும் அவளோடு சேர்ந்து அலறலாம், இருட்டில் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்களே பாவிகள் என்று. யாரும் கேட்க மாட்டார்கள். அக்மோன்கூட இருட்டுதானே என்பான். அந்த மூன்று கிழவிகளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாமல் அவளோடு ஒரே அடுப்பில் நான் சமைக்கலாம், அவள் தலையை வாரிவிடலாம், அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது. வண்டிச் சத்தத்துக்குப் பட்ட பயம் இல்லை. அது வெளியிலிருந்து வந்து போய்விடுகிற பயம். இது வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டுத் தூங்குகிற பயம், அந்தப் பொய் எத்தனை லேசாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது என்ற பயம். அவள் தள்ளிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வேர்வை ஓடியது. இன்னும் அவள் ஒருத்தனின் பெண்டாட்டி, கொம்பு ஊதும்வரை, அவனுக்குப் பசிக்கும் என்று அரைத்துக்கொண்டிருக்கிறாள். அதை அவளிடமிருந்து எடுக்கவும் எனக்குக் கை வரவில்லை, அதை அவளிடம் விட்டுவைத்து வேடிக்கை பார்க்கவும் முடியவில்லை. கூடையை என் பக்கம் இழுத்தேன். "அக்கா," என்றாள். நெற்றிச் சாம்பல் கண்ணில் விழுந்தது, துடைக்கவில்லை. கையைத் தானியத்துக்குள் விட்டேன், மணிக்கட்டு வரை. குளிர்ச்சியாக இருந்தது. "அக்கா, கையை எடு. அவரு வெளியில இருக்காரு, கையை எடுக்கா." எடுக்கவில்லை. புருஷன் இருக்கிறவள் கை அது. அவள் என் கையைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், பிறகு அவள் விரல்கள் மேல்கல்லின் ஓரத்தில் வெளுத்துக்கொண்டே வந்தன. நான் ஒரு பிடி அள்ளி, வழக்கம்போல, அவள் கைகளுக்கு முன்னால் அடிக்கல்லின்மேல் பரவலாகப் போட்டேன். கல் நகரவில்லை. சிதறின மணிகளைப் புறங்கையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கிவிட்டு இன்னொரு பிடி அள்ளினேன்.